ஆற்றுப்படுத்துநரின் குறிப்பேடு: ஒரு வரலாற்று நோக்கு

மாலையில் ஒரு வீட்டுச் சந்திப்பை முடித்துத் திரும்பும் ஆயர் தம் மேசைமுன் அமர்கிறார். ஒரு மணி நேரமாக ஒரு மனிதர் தம் உள்ளத்தைத் திறந்து பேசியதை அவர் கேட்டு வந்திருக்கிறார். அதை எழுதி வைப்பதா, வேண்டாமா? எழுதாவிடில் அடுத்த கிழமை அதில் பாதி மறந்துபோகும். பிற குடும்பங்களின் துயரத்தோடு கலந்தும் போகும். எழுதினாலோ, அந்தத் தாள் என்றாவது பிறர் கண்ணில் படக்கூடும். ஆற்றுப்படுத்தும் பணியில் ஈடுபட்டுள்ள எவரும் இந்தத் தயக்கத்தை அறிவர். இது தனிமனிதரின் தயக்கமாகத் தோன்றினாலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. குறிப்பு எழுதுதல் ஆற்றுப்படுத்தும் பணிக்குள் எவ்வாறு நுழைந்தது, எழுதியோர் அதை எவ்வாறு உணர்ந்தனர், அது யாருக்காக எழுதப்பட்டது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. எழுதாத மரபும் எழுதிய மரபும்

மேலைத் திருச்சபையில் ஆன்மப் பராமரிப்பின் மையமாக நெடுங்காலம் விளங்கியது பாவ அறிக்கையாகும். 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், விசுவாசி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. அதே விதியில், கேட்டதை வெளியிடும் குரு பதவியை இழப்பார் என்றும் கூறியது. இம்மரபில் குறிப்பேட்டுக்கு இடமேயில்லை. கேட்ட செவியோடு செய்தி முடிந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சீர்திருத்தத் திருச்சபைகள் வேறு பாதையில் சென்றன. அறிக்கைக் கூண்டின் இடத்தை இங்கு வீட்டுச் சந்திப்பு பெற்றது. இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் சபையின் ஆயரான ரிச்சர்ட் பாக்ஸ்டர், 1656இல் வெளியிட்ட ஆயர் பணி பற்றிய நூலில், வாரத்தில் இரு நாட்களை ஒதுக்கி, எண்ணூறுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டிற்குள் சந்திக்கும் திட்டத்தை விவரிக்கிறார். சுவீடன் நாட்டிலோ 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும், அவர்களின் வாசிப்புத் திறனையும், ஞானோபதேச அறிவையும் பதிவேட்டில் குறித்துவருமாறு ஆயர்களைப் பணித்தது. ஆயர் எழுதலானார், ஆனால் அவர் எழுதியது மதிப்பெண். அந்த வீட்டார் எதற்காக அழுதனர் என்பதற்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.

உரையாடலையே எழுதி வைத்த ஆயர் என்ற வகையில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் பணியாற்றிய இக்கபோட் ஸ்பென்சரைக் குறிப்பிட வேண்டும். தம்மை நாடி வந்தோருடன் நிகழ்த்திய உரையாடல்களை, பெயர்களைச் சுட்டாமல், 1850இலும் 1853இலும் இரு தொகுதிகளாக அவர் வெளியிட்டார். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1958இல், சீவர்ட் ஹில்ட்னர் தம் மேய்ப்பியல் நூலில் ஸ்பென்சரின் இவ்வுரையாடல்களையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். வந்தவர் கூறியதைவிட ஆயர் எவ்வாறு மறுமொழி கூறினார், எங்கே அவசரப்பட்டார், எங்கே செவிகொடுத்தார் என்பதைப் பின்வந்தோர் காண முடிந்தது, அவர் எழுதி வைத்ததனால்தான். எழுத்து முதலில் வெளிப்படுத்துவது எழுதியவரையே என்னும் உண்மையை இங்கேயே நாம் காண்கிறோம்.

2. எழுதப்பட்டவர் எழுதுபவரான கதை

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையின் போக்கை மாற்றியவர் ஆன்டன் பாய்சன் (1876 - 1965). பிரஸ்பிட்டேரியன் ஊழியரான இவர் முன்னர் கிராமப்புறச் சமூக ஆய்வுகளை நடத்தித் தகவல் சேகரிப்பில் பயிற்சி பெற்றிருந்தார். 1920 அக்டோபரில் கடும் மனக் கலக்கத்திற்கு ஆளாகி, ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோ மனநல மருத்துவமனையில் நோயாளியாகத் தங்கினார். அங்கே அவரைப் பற்றிப் பிறர் எழுதினர்; நோய்க்குப் பெயரிட்டனர். தம்முள் நிகழ்ந்தது நோய் மட்டுமன்று, வாழ்வின் ஆழத்தில் எழுந்த ஒரு சமயப் போராட்டமும் ஆகும் என்று அவர் உறுதியாக நம்பினார். அதைக் கேட்பதற்கு அங்கே ஒருவரும் ஆயத்தமாக இல்லை என்பதே அவருடைய குறை.

நலம்பெற்று வெளிவந்த பாய்சன் 1924இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையின் குருவாக நியமனம் பெற்றார். 1925ஆம் ஆண்டுக் கோடையில் நான்கு இறையியல் மாணவர்களை அங்கே அழைத்துக்கொண்டார். பின்னர் உடல்–உள மருத்துவத் துறையில் புகழ்பெற்ற ஹெலன் பிளாண்டர்ஸ் டன்பார் அவர்களில் ஒருவர். மாணவர்கள் பகலில் நோயாளர் கூடங்களில் பணியாட்களாக உழைத்தனர். மற்ற நேரத்தில் வகுப்புகளில் அமர்ந்து, நோயாளரின் வாழ்க்கை வரலாறுகளை ஆய்ந்தனர். இறையியலை அச்சேறிய நூல்களிலிருந்து மட்டுமன்றி உயிருள்ள மனித ஏடுகளிலிருந்தும் கற்க வேண்டும் என்பது பாய்சனின் புகழ்பெற்ற கருத்து.

இந்த உருவகத்தின் ஆழத்தை நாம் உணர வேண்டும். திருமறைச் சுவடியைப் படிப்பவர் ஓர் எழுத்தையும் அலட்சியப்படுத்துவதில்லை. தமக்குப் பொருள் விளங்காத இடத்தை அடித்துத் திருத்துவதுமில்லை. அத்தகைய மதிப்போடு ஒரு மனநோயாளியின் பேச்சையும் வாசிக்கும்படி பாய்சன் கேட்டார். ஆகவே அவருடைய நோக்கில் வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு எழுதுவது அலுவலகக் கடமையன்று. பெயரிடப்பட்ட நோயின் பின்னே மறைந்துபோன மனிதரை மீட்கும் முயற்சி. 1960இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் நோயையும் அவ்வாறே ஒரு வரலாற்றுக் குறிப்பாகப் பிறர் ஆய்வுக்கு முன்வைத்தார். பிறரை எழுத விரும்புபவர் தாமும் எழுதப்பட இசைய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

3. சொல்லுக்குச் சொல் எழுதும் பயிற்சி

பாய்சனுக்குத் துணைநின்றவர் டாக்டர் ரிச்சர்ட் கேபட். பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மருத்துவரான இவர், 1905இல் அங்கே சமூகப் பணியாளரை அமர்த்தியவர்; நோயாளரின் வரலாறுகளைக் கொண்டு மருத்துவம் கற்பிக்கும் முறையையும் பரப்பியவர். இறையியல் மாணவருக்கு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி வேண்டும் என்று 1925இல் வாதிட்டார். மருத்துவ மாணவன் நோயாளியின் படுக்கையருகே கற்கும்போது ஆயர் மட்டும் எவர் மேற்பார்வையும் இன்றித் தம் பிழைகளை மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருப்பது ஏன் என்பதே அவர் எழுப்பிய வினா. 1930இல் பாய்சன் மீண்டும் நோயுற்றபோது இருவரின் வழிகளும் பிரிந்தன. மனநோயின் காரணம் உடலிலேயே உள்ளது என்று கேபட் கருதினார். பாய்சன் அதை ஏற்கவில்லை.

1933இல் கேபட்டின் மருத்துவமனையில் குருவாகப் பணியேற்றவர் ரஸ்ஸல் டிக்ஸ். நோயாளருடன் தாம் பேசியதையும், அவர்கள் மறுமொழியையும், தாம் செய்த ஜெபத்தையும் நினைவிலிருந்து எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கேபட் அதன் மதிப்பை உணர்ந்து ஊக்குவித்தார். இருவரும் இணைந்து, நோயுற்றோருக்கு ஊழியம் செய்யும் கலையைப் பற்றி 1936இல் வெளியிட்ட நூல், குறிப்பு எழுதுதலை ஆயரின் சுயபரிசோதனைக்குரிய கருவியாக வற்புறுத்தியது. இதிலிருந்தே இன்று நம் இறையியல் கல்லூரிகளிலும் ‘வெர்பேட்டிம்’ என வழங்கும் உரையாடல் அறிக்கை வளர்ந்தது. இதில் ஆயரின் கூற்றும் நோயாளியின் கூற்றும் மாறிமாறி எண்ணிட்டு எழுதப்படுகின்றன. ஓரத்தில் மேற்பார்வையாளரின் கருத்துக்கு இடம் விடப்படுகிறது. இறுதியில் மாணவர் தம் உணர்வுகளையும் இறையியல் சிந்தனையையும் எழுதுகிறார்.

இதை எழுதிய எவரும் முதல் அறிக்கையை மறந்திருக்க முடியாது. நோயாளி தம் அச்சத்தைச் சொல்லத் தொடங்கிய கணத்தில் நாம் வேதவசனம் ஒன்றை எடுத்துக் கூறி அவர் வாயை அடைத்துவிட்டோம் என்பது, படுக்கையருகில் நின்றபோது நமக்குத் தெரிவதில்லை. ‘ஆயர் 4’ என்று எண்ணிட்டு அதை எழுதும்போதுதான் தெரிகிறது. அந்த வரியை எழுதாமல் விட்டுவிடும் சோதனையும் அப்போதே வருகிறது. சொன்னதைச் சற்றே அழகுபடுத்தி, சொல்லாத நல்ல வார்த்தை ஒன்றைச் சேர்த்து எழுதும் சோதனை அதனினும் பெரிது. குறிப்பு எழுதுவோரின் முதல் அனுபவம் வெட்கம் என்றால் அது மிகையன்று. அந்த வெட்கத்தைத் தாங்கி உள்ளபடியே எழுதுவதில்தான் பயிற்சியின் பயன் இருக்கிறது.

4. நினைவின் குறைபாடு

ஆயினும் நினைவிலிருந்து எழுதியது நிகழ்ந்ததற்கு எவ்வளவு உண்மையாய் இருக்க முடியும்? சிக்மண்ட் பிராய்டு 1912இல் மருத்துவர்களுக்கு எழுதிய ஆலோசனைகளில், உரையாடலின்போதே முழுக் குறிப்பு எடுப்பதை ஏற்கவில்லை. எழுதும் கை தனக்கு முக்கியமாகப்பட்டதைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் கேட்கும் மனம் திறந்த நிலையை இழக்கிறது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. தாம் மாலையில் நினைவிலிருந்தே எழுதுவதாகவும் அவர் குறிப்பிட்டார். 1907இல் தம்மிடம் வந்த ஒருவரைப் பற்றி அவர் அன்றாடம் எழுதிய குறிப்புகள் அவர் மறைவுக்குப்பின் அவருடைய தாள்களிடையே கிடைத்தன. அச்சில் வந்த வரலாற்றையும் அக்குறிப்புகளையும் ஒப்பிட்ட அறிஞர்கள், வெளியீட்டில் விடுபட்டவை பல என்று கண்டனர்.

கார்ல் ராஜர்ஸ் இச்சிக்கலுக்கு இயந்திரத்தின் துணையை நாடினார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். ஒரு தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும். இடைவிடாது தட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. 1942இல் அவர் வெளியிட்ட நூலில், புனைபெயரிட்ட ஒருவருடன் நிகழ்ந்த எட்டு உரையாடல்கள் முழுமையாக அச்சிடப்பட்டன. அவர் மாணவர் பெர்னார்டு காவ்னர், ஆற்றுப்படுத்துநர் எழுதிய அறிக்கைகளை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு, பேசப்பட்டதில் பெரும்பகுதி அறிக்கைகளில் இடம்பெறவில்லை என்று காட்டினார். எழுதியவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர், நேர்மையாளர்களே. மனித நினைவு அத்தகையது. ஆகவே எந்தக் குறிப்பையும், அது நம் கையால் எழுதப்பட்டதாயினும், நிகழ்ந்ததன் முழு உண்மை என்று கொள்ளலாகாது. இவ்வுண்மை அடுத்து நாம் காணப்போகும் நீதிமன்ற வரலாற்றில் மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

5. அலுவலகமும் நீதிமன்றமும்

இதற்கிடையே குறிப்பேட்டுக்கு வேறு வாசகர்களும் தோன்றினர். மேரி ரிச்மண்ட் 1917இல் வெளியிட்ட சமூகப் பணி நூல், குடும்பங்களைப் பற்றிய சான்றுகளை முறைப்படி திரட்டிப் பதியும் வழியை வகுத்தது. 1968இல் டாக்டர் லாரன்ஸ் வீட் மருத்துவக் குறிப்புகளுக்குப் புதிய ஒழுங்கு ஒன்றை முன்வைத்தார். நோயாளி கூறியது, மருத்துவர் கண்டது, மதிப்பீடு, திட்டம் எனும் நான்கு பகுதிகள் அதிலிருந்து வழக்கத்திற்கு வந்து, ஆற்றுப்படுத்தும் நிலையங்களையும் சென்றடைந்தன. குறிப்பு மருத்துவருக்கு வழிகாட்டி, கற்பிக்கவும் வேண்டும் என்பதே வீட்டின் விருப்பம். நடைமுறையிலோ அது மேலதிகாரிக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் நிரப்பித் தரும் படிவமாயிற்று. ஒரு மணி நேரக் கண்ணீரை நான்கு கட்டங்களுள் அடைக்கும் வேலையில் சோர்வடையாத ஆற்றுப்படுத்துநர் அரியர்.

இச்சோர்வோடு அச்சமும் சேர்ந்தது. 1969இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஒருவரிடம் ஆலோசனை பெற்றுவந்த மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகக் கூறினார். உளவியலாளர் வளாகக் காவலருக்குக் கடிதம் எழுதினார். காவலர் அம்மாணவரை விசாரித்து விட்டுவிட்டனர். மனநலப் பிரிவின் தலைவரோ அக்கடிதத்தின் படிகளையும் உளவியலாளரின் குறிப்புகளையும் அழித்துவிடுமாறு பணித்தார். இரண்டு மாதங்களுக்குப்பின் அப்பெண் கொல்லப்பட்டார். தாரசாப் வழக்கு என அறியப்படும் இதில், ஆபத்துக்குள்ளானவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை ஆற்றுப்படுத்துநருக்கு உண்டு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அதன்பின், ‘கேட்டேன், ஆராய்ந்தேன், எச்சரித்தேன்’ என்று தம்மைக் காத்துக்கொள்வதற்காக எழுதுவது பெருகியது.

அரசே குறிப்பேட்டைத் தேடிவந்ததும் உண்டு. 1971 செப்டம்பரில், வியட்நாம் போர் பற்றிய அரசு ஆவணங்களை வெளிப்படுத்திய டேனியல் எல்ஸ்பெர்க்கின் உளமருத்துவர் அலுவலகத்துள், வெள்ளை மாளிகையின் ஏவலாட்கள் அவருடைய கோப்பைத் தேடி இரவில் புகுந்தனர். எல்ஸ்பெர்க் மீதான வழக்கு 1973இல் தள்ளுபடியானதற்கு இச்செயலும் ஒரு காரணமாயிற்று.

1991இல் இல்லினாய் மாநிலத்தில் மேரி லூ ரெட்மண்ட் என்னும் காவலர் பணியின்போது ஒருவரைச் சுட்டுக்கொன்றார். அதன்பின் அவர் ஒரு சமூகப் பணியாளரிடம் ஏறத்தாழ ஐம்பது அமர்வுகள் ஆலோசனை பெற்றார். இறந்தவரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் அக்குறிப்புகளை ஒப்படைக்குமாறு நீதிபதி ஆணையிட்டும் அவை தரப்படவில்லை. அவ்வாறாயின் அக்குறிப்புகள் காவலருக்குப் பாதகமானவை என்று கொள்ளலாம் என நீதிபதி நடுவர் குழுவிற்குக் கூறினார். காவலருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இறுதியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல், இரகசியம் காக்கப்படாவிடில் ஆற்றுப்படுத்துதலே இயலாது என்னும் நிலையை ஏற்று, இத்தகைய உரையாடல்களுக்கும் குறிப்புகளுக்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பாதுகாப்பு உண்டு எனத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஒன்பதின்மரில் எழுவர் இதற்கு இசைந்தனர். ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. இறந்தவரின் குடும்பத்தார் உண்மையைத் தேடியே நீதிமன்றம் சென்றனர். ஒருவரின் இரகசியம் மற்றொருவரின் நீதிக்குத் தடையாகத் தோன்றக்கூடும். இந்த வேதனைக்கு எளிய விடை இல்லை.

2003 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அந்தரங்க விதிகள், நிறுவனக் கோப்பையும் ஆற்றுப்படுத்துநர் தமக்கென எழுதித் தனியே வைத்திருக்கும் குறிப்பையும் வேறுபடுத்தி, பின்னதற்குக் கூடுதல் காப்பு அளித்தன. ஆனால் காப்பு சட்டத்தால் மட்டும் வருவதில்லை. பின்லாந்தில் 2020 அக்டோபரில், வஸ்தாமோ என்னும் உளசிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து பல்லாயிரவரின் அமர்வுக் குறிப்புகள் திருடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பணம் தராவிடில் உங்கள் குறிப்புகளை வெளியிடுவோம் என்ற மிரட்டல் நோயாளருக்கே நேரில் சென்றது. ஆறுதல் தேடிச் சொன்ன சொற்கள் அவர்கள்மேலேயே ஆயுதமாகத் திரும்பின.

6. நம் சூழல்

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலத் துறையினர் இரகசியம் காக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவில் கூறுகிறது. பிறரைத் தீங்கிலிருந்து காத்தல் போன்ற விதிவிலக்குகளும் அதில் உண்டு. நோயாளி தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் காணும் உரிமையை 25ஆம் பிரிவு அளிக்கிறது. ஆனால் சபை ஆயர், ஆயர் என்னும் நிலையில், இச்சட்டம் கூறும் மனநலத் துறையினருள் அடங்குவதில்லை. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வழக்கறிஞரிடம் கூறியதற்குத் தனிக் காப்பு வழங்கியது. ஆயரிடம் கூறியதற்கு அத்தகைய பிரிவு எதையும் வகுக்கவில்லை. 2024 ஜூலை முதல் அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டத்திலும் நிலை இதுவே. ஆகவே நம் ஆயர்களின் குறிப்பேட்டுக்குக் காவலாக நிற்பது பெரும்பாலும் அவர்களுடைய மனச்சாட்சியே. அத்துடன், நம் ஆயர் இல்லத்து அறையில் பூட்டுள்ள அலமாரி இருப்பது அரிது. சபையாரும் உறவினரும் தடையின்றி வந்துபோகும் இடம் அது. ஊர் சிறிதாயின் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க இயலாது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், குறிப்பேட்டின் வாசகர் படிப்படியாக மாறியதைக் காண்கிறோம். டிக்ஸ் தமக்காகவும் தம் ஜெபத்திற்காகவும் எழுதினார். பாய்சன் நோயாளியின் மதிப்பிற்காக எழுதச் சொன்னார். பின்னர் நிறுவனத்திற்காகவும், அதன்பின் நீதிமன்றத்தை எண்ணியும் எழுதலாயினர். எழுதும்போது நம் தோளுக்குப் பின்னே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே நம் சொற்கள் அமைகின்றன. நீதிபதியை எண்ணி எழுதுபவர் தம்மைக் காக்கிறார். ஆசிரியரை எண்ணி எழுதுபவர் தம்மை அழகுபடுத்துகிறார்.

அப்படியாயின் எழுதாமலிருப்பதே மேல் என்பாரும் உளர். இக்கூற்றில் நியாயம் உண்டு; ஆயினும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. எழுதாத ஆயரின் பிழைகளுக்கு அவரே சாட்சியுமில்லை, திருத்துவாருமில்லை. தற்கொலை எண்ணத்தை வெளியிட்ட ஒருவரைப் பற்றி நாளும் சொல்லும் குறிக்கப்படாவிடில், ஆயர் மாற்றலாகிச் சென்றபின் அந்த ஆபத்தை அறிந்தவர் எவருமில்லை. எனவே எழுதுவோம், குறைவாக எழுதுவோம். அடுத்த சந்திப்பிற்குத் தேவையானதையும் உயிருக்கு ஆபத்தானதையும் குறிப்போம். கேள்விப்பட்ட மூன்றாமவரின் பாவங்களைக் குறிக்க வேண்டியதில்லை. பயிற்சிக்காக எழுதிய அறிக்கை பயிற்சி முடிந்ததும் அழிக்கப்படட்டும். கேட்டது, கண்டது, நாம் ஊகித்தது ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டுவோம். நாம் குறிப்பு வைத்திருப்பதை நம்மை நாடி வந்தவர் அறிந்திருக்கட்டும்.

மனிதரின் கண்ணீர் இறைவனிடம் கணக்கில் இருக்கிறது என்று சங்கீதக்காரன் நம்பினான். அந்தக் கணக்கு குற்றம் சாட்டுவதற்கானதன்று, மறவாதிருப்பதற்கானது. நம் குறிப்பேடும் அவ்வாறிருக்க வேண்டுமானால் ஒரு சோதனை போதுமானது. யாரைப்பற்றி எழுதினோமோ அவரே நாளை இத்தாளை நம் கையிலிருந்து வாங்கிப் படித்தால், ‘ஐயா, நான் சொன்னதை நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்’ என்று சொல்வாரா? வெஸ்ட்பரோ மருத்துவமனையின் கூடத்தில் 1920இல் கிடந்த அந்த நோயாளி தம்மைப் பற்றி எழுதியோரிடம் கேட்டதும் இதைவிட அதிகம் அன்று.